முதல் சமதளம் எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் ஒன் படிக்கும் என் பேத்தி, திருகு அளவியில் கம்பியின் விட்டம் அளந்த கணக்கைக் காட்டினாள். ஒரு சுற்றுக்குத் திருகு நகர்வது 1 மி.மீ., வட்டத்தில் 100 கோடுகள், ஆகவே மீச்சிற்றளவு (அதனால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ. எல்லாம் சரி. "இந்தத் திருகை இவ்வளவு துல்லியமா எப்படிக் கடைஞ்சாங்க, கண்ணு?" என்றேன். "மெஷின்லதான் தாத்தா." அந்த மெஷினை? பதில் இல்லை.

கோவை கணபதியில் 30 வருடங்களுக்கு மேல் ஃபிட்டராக இருந்தவன் நான். இந்தக் கேள்விக்குப் பள்ளியிலேயே பதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) பெட், அதாவது அடிப்படுகை, சமமாக இருந்தால்தான் திருகு சரியாக வரும், அந்தச் சமத்தைச் சோதிக்க ஒரு சர்பேஸ் பிளேட் (மேல்பரப்பு துல்லியமாகச் சமமான தட்டு) வேண்டும், சரி, உலகத்தின் முதல் சர்பேஸ் பிளேட்டை எதை வைத்துச் சோதித்திருப்பார்கள்? விடை மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகளில் இருக்கிறது. ஒரு தட்டில் நீல மையை மெல்லிசாகத் தடவி அடுத்ததை அதன்மேல் வைத்துத் தேய்த்தால் மேடான இடத்தில் மட்டும் மை ஒட்டும், அதை ஸ்கிரேப்பரால் சுரண்ட வேண்டும். இரண்டே தட்டு என்றால் ஏமாந்துவிடுவோம், ஒன்று புடைத்தும் மற்றது குழிந்தும் இருந்தாலும் கச்சிதமாகப் பொருந்திக்கொள்ளும். மூன்றாவதையும் அந்தப் புடைத்த தட்டுக்குப் பொருத்தினால் அதுவும் குழிந்துவிடும், அப்புறம் குழிந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் ஓரத்தில் மட்டும் மை ஒட்டி குட்டு வெளிப்பட்டுவிடும். மாற்றி மாற்றிச் சுரண்டி, மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும்போது மூன்றுமே சமம். (தட்டைக் கால் சுற்று திருப்பி வைத்தும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் முறுக்கு தெரியாது.) லண்டனில் மாட்ஸ்லே என்பவரின் இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1840-ல் இந்த முறையை அறிஞர்கள் சபையில் விளக்கினார். கரடுமுரடான மூன்றிலிருந்து, வேறு எந்த அளவுகோலும் இல்லாமல், கையாலேயே துல்லியம் பிறக்கிறது. முதன்முதலில் அதைச் செய்து முடித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். 1863-ல் சென்னை பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கல் கைக்கோடரியும் கல்லால் கல்லைத் தட்டிச் செய்ததுதான். திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கல் கருவிகளுக்கு 15 லட்சம் வருடம் என்கிறார்கள். அதே மாவட்டத்துப் பூண்டி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், எந்தப் பக்கம் எத்தனை தட்டு விழுந்திருக்கிறது என்று எண்ணச் சொல்லலாம்.

பள்ளிக்கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்திலும் உள்ளங்கை அகலத்தில் மூன்று வார்ப்புத் தட்டுகள், கொஞ்சம் நீல மை, ஒரு ஸ்கிரேப்பர், சொல்லிக்கொடுக்கப் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டர். கூப்பிட்டால் சம்பளம் இல்லாமலே வர எங்களில் பல பேர் இருக்கிறோம். திருகு அளவியைக் கையில் கொடுப்பதற்கு முந்தின வாரம் இதைச் செய்யவிட்டால் போதும்.

பேத்திக்காக மூன்று துண்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். அரையாண்டு லீவில் ஆரம்பிக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
கணபதி, கோவை.