எழுந்து நிற்காத பையனும் 1943-ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாற்றை எப்படிச் சொல்லித்தருவது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சின்ன வயதில் நாட்டுப்பற்றை ஊட்டினால் போதும், அடிமைமுறை, வழக்கு, சண்டை எல்லாம் கல்லூரிக்குப் போனபின் தெரிந்துகொள்ளட்டும் என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் மகள் நியூ ஜெர்சியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் காலையில் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்ல வேண்டும். ஒருநாள் கோபமாக வீட்டுக்கு வந்தாள். "பக்கத்து சீட் பையன் எழுந்திரிக்கவே மாட்டேங்கிறான்மா, டீச்சரும் ஒண்ணும் சொல்லலை" என்றாள். எனக்கும் அது மரியாதைக் குறைவாகத்தான் பட்டது. நான் படித்த பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்தின்போது அசைந்தாலே அடி விழும்.

அடுத்த வாரம் அவளுடைய சோஷியல் ஸ்டடீஸ் ஆசிரியை இரண்டு தீர்ப்புகளை வகுப்புக்குக் கொண்டுவந்தார். கொடி வணக்கம் செய்ய மறுத்த, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லும் என்று 1940-ல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அப்புறம் மேற்கு வர்ஜீனியாவில் இரண்டு சகோதரிகளை அதே காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1943 ஜூன் 14, அமெரிக்கக் கொடி நாள். உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். அன்றைக்கு அதே நீதிமன்றம் 6-க்கு 3 என்று தன் பழைய தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. எந்தப் பிள்ளையையும் உறுதிமொழி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. முன்பு பள்ளியின் பக்கம் நின்ற நீதிபதிகளில் மூன்று பேர் மனம் மாறியிருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் பெயர் பார்னெட். நீதிமன்றப் பதிவில் ஓர் எழுத்து கூடிப்போய், வழக்கின் பெயர் இன்றுவரை பிழையாகவே வழங்குகிறது. என் பெயரும் இங்கே பல காகிதங்களில் அப்படித்தான் இருக்கிறது. அதனாலோ என்னவோ, அந்தப் பெண்கள் எனக்கு வேண்டியவர்கள் போல ஆகிவிட்டார்கள்.

வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாடச் சொன்னாராம் ஆசிரியை. மகளுக்குக் கிடைத்தது சகோதரிகளின் பக்கம். இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் எங்களை நீதிபதிகளாக உட்காரவைத்துப் பேசிப் பார்த்தாள். இன்றும் அவள் எழுந்து நின்றுதான் உறுதிமொழி சொல்கிறாள், ஆனால் அந்தப் பையன்மேல் இப்போது கோபமில்லை.

கசப்பான வரலாறு தெரிந்தால் நாட்டின்மேல் வெறுப்பு வந்துவிடும் என்று கட்டுரையாளர் பயப்படுகிறார். நான் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்த மாதங்களில் கேள்வி அட்டைகளைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டவள் மகள்தான். அரசியல் சாசனத் திருத்தங்கள் எத்தனை? 27. இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அட்டையில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். பகத் சிங் திண்ட் இந்தியாவிலிருந்து வந்து அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அவர் வெள்ளையர் அல்ல, குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946-ல்தான் சட்டம் வந்தது. "அப்போ வந்திருந்தா இந்த டெஸ்டையே உன்னால எழுதியிருக்க முடியாதும்மா" என்றாள். குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று வலது கையை உயர்த்தி நின்றபோது திண்டைத்தான் நினைத்தேன். அவரைப் பற்றித் தெரியாமல் நின்றிருந்தால் எனக்கு அவ்வளவு கண் கலங்கியிருக்காது.

2022-ல் நடந்த தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 13 சதவீதம் பேர்தான் அமெரிக்க வரலாற்றில் தேர்ச்சி நிலையைத் தொட்டார்கள். 2002-ல் வந்த கல்விச் சட்டம் ஆண்டுதோறும் வாசிப்புக்கும் கணக்கிற்கும் தேர்வு வைக்கச் சொன்னது. அதிலிருந்து வரலாற்றுக்கு மிச்ச நேரம்தான் கிடைக்கிறது. எங்கள் மாநிலத்தில் 2021-ல் நடுநிலைப் பள்ளிக்குக் குடிமையியலைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. 79 ஆண்டுகள் வாக்குச்சாவடியில் பணியாற்றிய லாரா வூட்டன் அம்மையாரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அதை வகுப்பில் நடத்த ஆசிரியருக்கு நேரம் வேண்டுமே.

எங்கள் ஊர்க் கல்விக் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள். கணக்கு ஆனர்ஸ் வகுப்பைப் பற்றிக் கேட்க நம்மவர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சோஷியல் ஸ்டடீஸுக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் தருகிறீர்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போகிறேன். உங்கள் வாசகர்களும் தங்கள் ஊரில் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி