திருவிழாவுக்கு வரும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். தாராளமாக வா. ஆனால் திருவிழா வீட்டில் ஆளுக்கொரு கை குழந்தையின் வாய்க்கு நீளும். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவாய்.

குழந்தைக்கு இருப்பது பழச் சர்க்கரை (ஃப்ரக்டோஸ்) சேராத பிறவிக் கோளாறு. அவன் உடம்பில் ஆல்டோலேஸ் பி என்ற நொதி வேலை செய்யவில்லை. பழச் சர்க்கரை கல்லீரலுக்குள் போய்ப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அங்கிருக்கும் பாஸ்பேட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் கல்லீரலால் ரத்தத்துக்குக் குளுக்கோஸ் விட முடிவதில்லை. வாந்தியும் வியர்வையும் சோர்வும் அதனால்தான். தாய்ப்பால் மட்டும் குடித்தவரை நன்றாகத்தானே இருந்தான்? பாலில் இந்தச் சர்க்கரை கிடையாது. ஆப்பிளை மசித்து ஊட்டிய பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது.

வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பழம் மட்டும்தான் ஆகாது என்று உன் அத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சர்க்கரையில் பாதி இந்தப் பழச் சர்க்கரைதான். வெல்லம், பனங்கற்கண்டு, தேன் எதுவும் தப்பாது. "கற்கண்டு மருந்தாச்சே" என்றாள். இவனுக்கு விஷம் என்றேன். ஆற்காட்டு மக்கன் பேடாவை வீட்டுக்குள்ளேயே விட மாட்டேன். பிரியாணியில் என்ன சர்க்கரை என்று மாப்பிள்ளை கேட்பார். வெங்காயத்திலும் தக்காளியிலும் இருக்கிறது. சோறு, தயிர், முட்டை, கறி போதும். காய்கறி மட்டும் உன் டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தபடி.

எனக்குப் பெரிய கவலை மருந்துதான். முப்பது வருஷத்துக்கு மேல் மெடிக்கல் ஷாப்பில் நின்றவன் சொல்கிறேன், கேள். குழந்தைகளின் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் மருந்தின் பெயரும் அளவும் பெரிதாக இருக்கும். கீழே பொடி எழுத்தில் 'ஃப்ளேவர்டு சிரப்பி பேஸ்' என்று போட்டிருப்பான். அதற்குள் சர்க்கரையா, சார்பிடாலா என்று லேபிள் சொல்லாது. 'சுகர் ஃப்ரீ' என்று இருந்தால் இன்னும் உஷார். பல மருந்துகளில் இனிப்புக்குச் சார்பிடால்தான் போடுகிறார்கள். அது உடம்புக்குள் போய்ப் பழச் சர்க்கரையாகவே மாறும். காய்ச்சல் வந்தால் மாத்திரையாகவோ ஆசனவாயில் வைப்பதாகவோ கேட்டு வாங்கு. டூத் பேஸ்ட்டையும் பார். ரோட்டா தடுப்புச் சொட்டு மருந்து மாதிரி வாயில் விடுவது எதுவானாலும் முதலில் நோயைச் சொல்.

இன்னொன்று. சொந்தத்தில் கொடுத்ததால்தான் இப்படி என்று யாராவது காதில் போடுவார்கள். பழுதான மரபணு உன்னிடம் ஒரு பிரதி, மாப்பிள்ளையிடம் ஒரு பிரதி. இரண்டும் சேர்ந்ததால் வந்தது. அத்தை மகனைக் கட்டியதால் அப்படிச் சேர வாய்ப்பு கூடியது உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. அது எங்கள் பக்கத்து ரத்தமாகத்தான் இருக்கும். அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் இரண்டாவதைப் பற்றி நினைக்கும் முன் வேலூர் சி.எம்.சி.யில் மரபணு மருத்துவரைப் பார்த்துவிடலாம்.

உன் சித்தப்பாவை நினைத்துப் பார். கல்யாண வீட்டில் பாயசத்தை ஒதுக்கி வைப்பான். திமிர் என்று தாத்தா திட்டுவார். சின்ன வயதில் யாராவது அமுக்கிப் பிடித்து ஊட்டினால் வாந்தி எடுப்பான். அறுபது தாண்டியும் ஒரு சொத்தைப் பல் கிடையாது. சித்தப்பாவுக்கும் அதே கோளாறாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "இத்தனை வருஷம் என் நாக்கு சொல்லாததையா டாக்டர் சொல்லப் போறார்?" என்று சிரிக்கிறான். நீ வந்து சொன்னால் கேட்பான்.

குழந்தை எதையாவது துப்பினால் விட்டுவிடு, வற்புறுத்தாதே. எந்த ரயில் என்று முன்னாடியே சொல். காட்பாடிக்கு வண்டி அனுப்ப வேண்டும்.

அப்பா