ஹெர்2 ஃபிஷ் பரிசோதனை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்க மடல்

எங்களுக்கு பிளாக்குகளை (மெழுகில் பதித்த திசுத் துண்டுகளை) அனுப்பிவரும் மருத்துவர்களுக்கும் நோய்க்குறியியல் கூடங்களுக்கும்,

வணக்கம்.

அண்மைக் காலமாக எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைப் பற்றியே இருக்கின்றன. ஹெர்2 என்ற மரபணுவின் எண்ணிக்கை செல்லுக்குச் சராசரியாக 4-ஐத் தாண்டியிருந்தும் சில அறிக்கைகளில் ‘நெகட்டிவ்’ என்று முடித்திருப்பது ஏன் என்பது ஒன்று. திசு, அதைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசலில் எத்தனை மணி நேரம் இருந்தது என்று ஒவ்வொரு பிளாக்குக்கும் கேட்டு உங்கள் ஊழியர்களை ஏன் சிரமப்படுத்துகிறோம் என்பது மற்றொன்று. நின்றபடியே சொல்லும் பதிலில் இவை அடங்கவில்லை என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

மார்பகப் புற்றுநோய்த் திசுக்களில் ஹெர்2 புரதத்தைச் சாயமேற்றிப் பார்க்கும் ஐ.எச்.சி. சோதனை, பாசிட்டிவா நெகட்டிவா எனத் தெளிவாகாமல் 2+ என்று நின்றுவிட்டவற்றையே நீங்கள் பெரும்பாலும் அனுப்புகிறீர்கள். செல்லின் மேல் உள்ள புரதத்தைப் பார்த்து முடிவு சொல்ல இயலாதபோது, அந்தப் புரதத்துக்கு மூலமான மரபணு செல்லுக்குள் எத்தனை பிரதிகளாக இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே ஃபிஷ். ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தால் பயன்பெறக்கூடியவர் யார் என்பது இந்த எண்ணிக்கையைப் பொறுத்திருப்பதால், இதில் அவசரத்துக்கு இடமில்லை.

ஹெர்2 மரபணு 17-ஆம் குரோமோசோமில் உள்ளது. அதன் டி.என்.ஏ. வரிசையோடு மட்டும் இணையக்கூடிய, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் புரோபையும் (ஒளிரும் சாயம் ஏற்றிய டி.என்.ஏ. துண்டையும்), அதே குரோமோசோமின் நடுப்பகுதியான சென்ட்ரோமியரோடு இணையும் பச்சை நிறப் புரோபையும் ஒன்றாகக் கலந்து ஸ்லைடில் இடுகிறோம். எழுபது டிகிரிக்கு மேல் சூடாக்கித் திசுவின் டி.என்.ஏ. இழைகளைப் பிரித்து, பின் 37 டிகிரியில் இரவு முழுவதும் விட்டு, ஒட்டாமல் மிஞ்சியதைக் கழுவிவிட்டு, மறுநாள் இருட்டறையில் பார்க்கிறோம். நீலமாகத் தெரியும் உட்கருவுக்குள் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகளும் இரண்டு பச்சைப் புள்ளிகளும் இருந்தால் அது இயல்பான செல். மரபணு பெருகிய செல்லிலோ இரண்டு, மூன்று பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஆரஞ்சுப் புள்ளிகள் திராட்சைக் கொத்துபோல் அப்பிக்கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, மதிப்பிடத்தான் முடியும்.

ஹெர்2-வை மட்டும் எண்ணினால் போதாதா, பச்சை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் பார்ப்பது முழுச் செல்லை அல்ல. ஏறக்குறைய 4 மைக்ரான் கனமுள்ள சீவலை. பல உட்கருக்கள் கத்தியில் அரிந்துபோய், அவற்றோடு சில புள்ளிகளும் போய்விடுகின்றன. இந்த இழப்பு இரு நிறங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் நேர்வதால், இரண்டுக்கும் உள்ள விகிதம் அதிகம் மாறுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: 20 செல்களில் ஆரஞ்சு 126, பச்சை 42 என்றால் சராசரி 6.3, விகிதம் 3. இது ஐயமற்ற பாசிட்டிவ். ஆனால் ஆரஞ்சு 88, பச்சை 80 என்றால் சராசரி 4.4 ஆக இருந்தாலும் விகிதம் 1.1 மட்டுமே. 17-ஆம் குரோமோசோமின் நடுப்பகுதியும் சேர்ந்தே கூடியிருக்கிறது. ஹெர்2 மட்டும் தனியே பெருகவில்லை. 2018-இல் அமெரிக்காவின் ஆஸ்கோ (புற்றுநோய் மருத்துவர்கள்), கேப் (நோய்க்குறியியல் வல்லுநர்கள்) அமைப்புகள் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஐ.எச்.சி. 2+ ஆக உள்ள இத்தகைய ஸ்லைடில், முதல் எண்ணிக்கையை அறியாத இரண்டாமவர் குறைந்தது 20 செல்களையாவது மீண்டும் எண்ண வேண்டும். அதன் பிறகும் இதே நிலை என்றால் விளக்கக் குறிப்போடு நெகட்டிவ் என எழுதுகிறோம். அறிக்கை ஒரு நாள் தாமதமாவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி ஃபார்மலின். திசு 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில் இருக்க வேண்டும். குறைந்தால், புரதத்தைக் கரைக்கும் பெப்சின் இட்டதும் உட்கருக்கள் கரைந்து பேய்போல் வெளுத்து நிற்கும். மிகுந்தால் புரோப் உள்ளே நுழையவே தயங்கும். எங்களை அதிகம் வருத்துவது எலும்பிலிருந்து எடுத்த திசு. அதை மென்மையாக்க வீரிய அமிலத்தில் போட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும், எவ்வளவு நல்ல புரோபாலும் அங்கே ஒளியேற்ற முடியாது. கால்சியத்தை மெல்ல நீக்கும் ஈ.டி.டி.ஏ. நாள் எடுக்கும்தான், ஆனாலும் அதையே கேட்டுக்கொள்கிறோம்.

தவறு எப்போதும் உங்கள் பக்கமே என்று சொல்லவும் மாட்டோம். மைனஸ் 20 டிகிரியில் இருட்டில் இருக்க வேண்டிய புரோப் குப்பி ஒன்றை எங்கள் மேசையிலேயே விளக்கொளியில் மறந்து வைத்துவிட்டு, மறுநாள் புள்ளிகள் மங்கியதைக் கண்டு அந்தத் தொகுதி முழுவதையும் எங்கள் செலவில் திரும்பச் செய்திருக்கிறோம். அதன் பின் ஒவ்வொரு தொகுதியோடும், முடிவு முன்பே தெரிந்த பாசிட்டிவ், நெகட்டிவ் ஸ்லைடுகளையும் சேர்த்தே ஓட்டுகிறோம். அவை சரியாக ஒளிராத நாளில் அறிக்கை வெளியே போகாது.

அடுத்த மாதம் முதல், திசு ஃபார்மலினில் இட்ட நேரம், எடுத்த நேரம், அமிலம் பயன்படுத்தினீர்களா என்ற மூன்று விவரங்களும் இல்லாத படிவத்தோடு வரும் பிளாக்கை, உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வெட்டுவோம். புதிய படிவம் இம்மடலுடன் இணைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
பரிசோதனைக்கூடப் பொறுப்பாளர்