சீனக்குடா விமானிகள் நினைவுச் சுவர்: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியக முற்றத்து நினைவுச் சுவர் வேலை முடிந்துவிட்டது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து ஹரிகேன் போர் விமானங்களில் எழுந்து ஜப்பானியக் கடற்படை விமானங்களை எதிர்கொண்டு உயிர்நீத்த பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் படையணி விமானிகளின் பெயர்கள் இப்போது கல்லில் இருக்கின்றன.

பெயர்ப் பட்டியலுக்குத்தான் அதிக காலம் பிடித்தது. பழைய பலகை, உப்புவெளிப் போர் மயானக் கல்லறைகளை மட்டும் பார்த்து எழுதப்பட்டது. உடல் கிடைக்காதவர்களுக்கு அங்கே கல்லறை இல்லை. அப்படிப்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. ஆகவே பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் பதிவேட்டில் இரண்டு இடங்களையும் திகதி, படையணி என ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் உள்ளன. பதவி வரிசையில் அல்ல. சார்ஜன்ட் விமானியும் அதிகாரி விமானியும் ஒரே அளவு எழுத்தில்தான். ஆணைக்குழுவும் தன் கல்லறைகளில் பதவி வேறுபாடு காட்டுவதில்லை.

பழைய பலகையின் இரண்டு பிழைகள் நீங்கிவிட்டன. ஒன்று, திருகோணமலைத் தாக்குதலின் நாளை ஏப்ரல் 5 என்று எழுதியிருந்தது. அது கொழும்புத் தாக்குதலின் நாள், அந்த வருட உயிர்த்த ஞாயிறு. திருகோணமலைத் தாக்குதல் நான்கு நாள் கழித்து. மற்றது, எண்ணெய்த் தாங்கியில் மோதிய ஜப்பானிய விமானத்தைக் 'கமிகாசி' (தற்கொலைத் தாக்குதல் விமானம்) என்று எழுதியிருந்தது. கமிகாசிப் பிரிவுகள் 1944 ஒக்டோபரில்தான் அமைக்கப்பட்டன. 'மோதி வெடித்தது' என்று மட்டும் இப்போது எழுதியிருக்கிறோம். அந்த விமானத்தில் இருந்தவர்களும் இறந்தவர்களே என்பதால் அவர்களுக்கும் ஒரு வரி சேர்த்தோம்.

பித்தளைத் தகடு வேண்டாம் என்பது முதலிலேயே முடிவானது. கடற்காற்றில் பச்சை பிடிக்கும், திருட்டும் போகும். 30 மில்லிமீற்றர் தடிப்புள்ள கறுப்புக் கருங்கல் பலகைகளை எடுத்தோம். முதலில் வந்த பலகைகளில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்தின் உயரத்துக்கே வெட்டப்பட்டிருந்தன. ண, ஞ போன்றவற்றின் சுழிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய கல் உடைந்து, புள்ளிகளும் அடைந்துபோயின. அவற்றைத் திருப்பி அனுப்பினோம். ஆங்கிலம் 20 மில்லிமீற்றர், தமிழும் சிங்களமும் 30 மில்லிமீற்றர், வெட்டின் ஆழம் 3 மில்லிமீற்றர் என்று மாற்றிய பிறகே எழுத்து தெளிவாக நின்றது. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பலகையின் முழு அளவுக் கடதாசி அச்சையும் இருவர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்திட்டார்கள். கல்லில் ஒரு எழுத்துப் பிழை வந்தால் பலகையையே மாற்ற வேண்டும்.

பலகைகளைச் சீமெந்துச் சாந்தில் ஒட்டவில்லை. ஒட்டினால் பின்னால் தேங்கும் ஈரம் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து முகப்பில் வெள்ளையாகப் பூக்கும். ஒவ்வொரு பலகையும் நான்கு ஊசிகளில், சுவரிலிருந்து 20 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கிறது. மேற்பக்கமும் அடிப்பக்கமும் காற்றோட்டத்துக்குத் திறந்திருக்கின்றன. ஊசிகள் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மலிவான 304 தரம் கடலோரத்தில் தேநீர்க் கறைபோல் பழுப்பு பிடித்து வழியும்.

சுவருக்கு மேலுள்ள, மூன்று இதழ்கள் கொண்ட விமான முன்விசிறி அலுமினிய வார்ப்பு மாதிரி. உண்மை விமானத்தின் பாகமல்ல என்று கீழே எழுதியிருக்கிறோம். அலுமினியமும் ஸ்டீலும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம்தான் அரிக்கும். எனவே ஒவ்வொரு போல்டுக்கும் நைலோன் உறையும் இருபுறமும் நைலோன் வாசரும் போட்டோம். பராமரிப்பவர்கள் போல்டைக் கழற்றினால் அந்த வாசர்களை விட்டுவிடாமல் திரும்பப் போட வேண்டும்.

மாதம் ஒருமுறை நன்னீரும் மென்மையான தூரிகையும் போதும். அசிட், பிளீச்சிங் பவுடர், அழுத்த நீர் மூன்றும் கூடாது. எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை வர்ணம் உரிந்துவிடும். வடகீழ்ப் பருவமழை முடிந்ததும் ஊசிகளையும் பலகையின் அடி இடைவெளியையும் பாருங்கள். அங்கே இலை அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கும்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்ததும் தனியாக வரும். பழைய பலகை அழிக்கப்படவில்லை, களஞ்சிய அறையில் இருக்கிறது. பட்டியலில் விடுபட்ட பெயர் எதையேனும் பதிவேட்டு ஆதாரத்தோடு யாராவது காட்டினால் சேர்ப்பதற்காக, கடைசிப் பலகையின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

திருப்பணிக் குழு