நாலாம் குறுக்குத் தெருவில் ஐம்பதாவது மூட்டை

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ உன் பாஷ் ஸ்கிரிப்டில், அந்தக் கட்டளைக் கோப்பில், சிக்கல் என்று கோல் எடுத்தபோது மெல்பேர்னில் நடுச்சாமம், இங்கே இடியப்பம் ஆறிக்கொண்டிருந்த நேரம். "ஸ்கிரிப்ட் ஃபைலை வாசிக்குது, ஆனா நான் எழுதின ஃபங்ஷனைக் கூப்பிடவே இல்லையப்பா" என்றாய். "மேப்ஃபைலுக்குச் சின்ன சி (-c) போட்டு ஒன்று என்று குடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்று காலை உன் மெசேஜ்: "இப்ப கூப்பிடுது, ஆனா வெற்று வரியா வருது." சாப்பாட்டு அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னது என் பிழைதான்.

முதலில் அது ஏன் கூப்பிடவில்லை என்று பார்ப்போம். ஃபைலின் வரிகளை வாசித்து அரே என்ற இலக்கமிட்ட அடுக்கில் போடுவது மேப்ஃபைல் கட்டளை. அதற்குப் பெரிய சி (-C) போட்டு ஒரு ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொரு வரிக்கும் அது ஓடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் எத்தனை வரிக்கு ஒரு தரம் என்று சின்ன சி போட்டுச் சொல்லாவிட்டால் பாஷ் தானாக எடுத்துக்கொள்ளும் கணக்கு 5000. உன் ஃபைலில் இருப்பது 3,240 வரி. ஐயாயிரமாவது வரி வந்தால்தானே கூப்பிடுவதற்கு?

இதில் நானும் மாட்டியிருக்கிறேன். முன்பு வேலை செய்த இடமொன்றில் நாலாயிரம் வரி மாதிரி ஃபைலை வைத்துச் சோதித்தேன். ஒரு சத்தமும் இல்லை, எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன். மாதக் கடைசியில் உண்மையான ஃபைல், 12,000 வரி. மேலதிகாரி பக்கத்தில் நிற்கிறார், 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று திரையில் இரண்டு தரம் விழுகிறது. ஃபங்ஷன் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருக்கிறேன். ஐயாயிரத்தில் ஒரு தரம், பத்தாயிரத்தில் ஒரு தரம். தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் முகம்தான் கறுத்துப் போனது.

இனி அந்த வெற்று வரி. உன் அப்பப்பா புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு வெங்காயக் கடையில் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூட லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். லொறி வந்து நின்றால் நாட்டாமைகள், அதாவது சுமை தூக்குபவர்கள், மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். வாசலில் நின்று எண்ணுவது என் வேலை. ஐம்பதாவது மூட்டை என்னைத் தாண்டும்போது "ஐம்பது!" என்று கத்தவேண்டும், அப்பப்பா கொப்பியில் ஒரு கோடு போடுவார். நான் கத்தும் நேரத்தில் அந்த மூட்டை இன்னும் நாட்டாமையின் தோளில்தான். அந்த நொடியில் உள்ளே எட்டிப் பார்த்தால் அடுக்கில் நாற்பத்தொன்பதுதான் இருக்கும்.

மேப்ஃபைலும் அப்படியே. வரியை வாசித்தாகிவிட்டது, அரேயில் இன்னும் போடவில்லை. அந்த இடைவெளியில்தான் உன் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. நீ அரேக்குள் போய் அந்த இலக்கத்தில் தேடினால் அங்கே என்ன இருக்கும்? மூட்டை தோளில் அல்லவா! ஆனால் கூப்பிடும்போதே இரண்டு பொருளைக் கையில் தருகிறது: டாலர் ஒன்றில் ($1) அது போய் உட்காரப்போகும் இலக்கம், டாலர் இரண்டில் ($2) வரி. நீ டாலர் இரண்டை அச்சடி, வேலை முடிந்தது. இலக்கம் பூச்சியத்தில் தொடங்குவதால், ஐந்நூறாவது வரிக்கு 499 என்றுதான் வரும். பயப்படாதே, ஒன்றைக் கூட்டிக்கொள்.

சின்ன டி (-t) போட்டாயா? போடாவிட்டால் ஒவ்வொரு வரியின் வாலிலும் நியூலைன், அந்த வரிமுடிவுக் குறி, தொங்கும். அப்புறம், ஃபைலைக் கேட் (cat) கட்டளை போட்டுப் பைப் (|) வழியாக மேப்ஃபைலுக்குள் ஊற்றாதே. வழக்கமாகப் பாஷ் மேப்ஃபைல் இருக்கும் பக்கத்தை சப்ஷெல்லில், தனியாகக் கிளைத்த இன்னொரு பாஷில், ஓட்டும், அது முடிய அரேயும் அதோடு போய்விடும். ஆபீஸ் மக் (Mac) கம்ப்யூட்டரில் ஓட்டினால் கட்டளையே இல்லை என்று சொல்லும். மக்கோடு வருவது பாஷ் 3.2, மேப்ஃபைல் சேர்ந்தது 2009இல் வந்த 4.0இல்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறதென்றால் உனக்கு எதற்கு இந்தக் கால்பேக், இடையில் கூப்பிடும் இந்த ஃபங்ஷன்? வரி வரியாக வாசிக்கும் பழைய வைல் ரீட் (while read) லூப் எழுது, நாளைக்கு வாசிக்கிறவனுக்கும் விளங்கும். பெரிய ஃபைல் ஓடும்போது ஸ்கிரிப்ட் செத்துவிட்டதா உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் நான் கால்பேக்கை வைத்திருக்கிறேன். உன் ஃபைலுக்கு ஐந்நூறு போட்டால் ஆறு தரம் கத்தும், கடைசி 240 வரி சத்தமில்லாமல் உள்ளே போகும். அப்பப்பா அதற்காகத்தான் லொறி வெறுமையானதும் "மிச்சம் எத்தனை?" என்று தனியாகக் கேட்பார். நீயும் மேப்ஃபைல் முடிந்த பிறகு அரேயின் மொத்த எண்ணிக்கையை ஒரு தரம் அச்சடித்துப் பார்.

மாற்றி ஓட்டிவிட்டு வந்ததைப் படம் பிடித்து அனுப்பு. நாளைக்கு எனக்கு வேலை இல்லை, எந்த நேரமும் எடுக்கலாம்.

அன்புடன்,
அப்பா