உயிரியல் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எதிர்ப்பொருள் பாடத்தில் நீங்கள் போடும் அட்டவணையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஐஜிஎம், ஐஜிடி, ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஇ என்று கிருமியை எதிர்க்கும் அந்தப் புரதத்தின் ஐந்து வகைகள். எடை எவ்வளவு, எங்கே இருக்கும். போன மாதம் அதை நடத்தி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "கிருமி வந்ததும் முதல்ல ஐஜிஎம், அப்புறம் ஐஜிஜின்னா, பழைய செல் செத்துப் புது செல் வருதா சார்?" புத்தகத்தைப் புரட்டினேன். பதில் இல்லை.

எதிர்ப்பொருள் செய்வது பி செல். வகை மாறினாலும் அதே செல்லும் அதன் வம்சமும்தான். மாறுவது அதன் டிஎன்ஏ.

ஒரு நீளக் காகிதப் பட்டையில் 14ஆம் குரோமோசோமில் எதிர்ப்பொருளுக்கான பகுதியை எழுதினேன். முன்னால் கிருமியை அடையாளம் காணும் துண்டு. பிறகு மியூ, டெல்டா, காமா 3, காமா 1, ஆல்ஃபா 1, காமா 2, காமா 4, எப்சிலான், ஆல்ஃபா 2. வகையைத் தீர்மானிக்கும் துண்டுகள் இவை: மியூ ஐஜிஎம்முக்கு, டெல்டா ஐஜிடிக்கு, காமா ஐஜிஜிக்கு, ஆல்ஃபா ஐஜிஏவுக்கு, எப்சிலான் ஐஜிஇக்கு. டெல்டாவை விட்டுவிட்டால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரே மாதிரி எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் நீண்ட பகுதி உண்டு. டி செல் என்ற இன்னொரு நோயெதிர்ப்புச் செல்லின் சைகை கிடைத்ததும் ஏஐடி என்ற நொதி அங்கே சைட்டோசின் என்ற எழுத்தை யுராசிலாக்குகிறது. யுராசில் டிஎன்ஏவில் இருக்கக் கூடாத ஆள். பழுதுபார்க்க வரும் நொதிகள் அதைப் பிடுங்கப்போய், கடைசியில் இரண்டு இழையும் அறுந்துவிடுகின்றன.

மியூவுக்கு முன்னால் ஒரு வெட்டு, காமா 1க்கு முன்னால் ஒரு வெட்டு. கத்தரியால் வெட்டி முனைகளை ஒட்டினேன். நடுத்துண்டை அவளே வளையமாகச் சுருட்டினாள். செல்லிலும் அப்படித்தான் கழன்று போகிறது. "இனி ஐஜிஎம் செய்யவே முடியாதா?" முடியாது, மியூ போய்விட்டதே. காமா 3உம் போச்சு. ஆனால் எப்சிலானுக்குப் போகலாம், அது இன்னும் பட்டையில் இருக்கிறது. கிருமியைப் பிடிக்கும் முனை மட்டும் பழையதேதான்.

இது நேற்றைய செய்தியும் இல்லை. ஜப்பானிய விஞ்ஞானி தசுகு ஹோன்ஜோ 1978லேயே இப்படி வெட்டுப்படுகிறது என்றார். ஏஐடியை அவருடைய ஆய்வகம் 1999இல் கண்டது. அந்த நொதிக்கான மரபணு பழுதானவர்களுக்கு ஐஜிஎம் குவிந்து, மற்ற வகைகள் வற்றிப்போவதை 2000இலேயே காட்டிவிட்டார்கள். நீங்களோ இன்னும் "உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே டிஎன்ஏ" என்று முதல் பாடத்தில் எழுதுகிறீர்கள். (சிவப்பணுவில் அது இல்லவே இல்லை என்பது தனிக் கதை.)

ஆபத்தையும் சொல்லுங்கள். அறுந்த முனை சில நேரம் 8ஆம் குரோமோசோமில் உள்ள, செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. பர்க்கிட் லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க்கு அது ஒரு வழி.

அட்டவணையை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் மியூ முதல் ஆல்ஃபா 2 வரை ஒன்பது பெட்டிகளையும் ஒரு கத்தரியையும் வரையுங்கள். இடம் போதவில்லையா, மூலக்கூறு எடைக் கட்டத்தைத் தூக்கிவிடுங்கள். எந்தப் பிள்ளையும் தேடாது.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்