திங்கட்கிழமை பூட்டிக் கிடந்த தொங்கு பாலத்துக்கு வாங்கிய கட்டணம் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த திங்கட்கிழமை காலை, உங்கள் நிறுவனம் சிங்கப்பூரில் நடத்தும் மெக்ரிட்சி நீர்த்தேக்கச் சுற்றுலாவுக்கு நானும் மனைவியும் மகளும், காரைக்குடியிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் போயிருந்தோம். தலைக்கு 65 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மொத்தம் 260 வெள்ளி.

மரங்களின் உச்சியை ஒட்டிப் போகும் 250 மீட்டர் தொங்கு பாலம்தான் உங்கள் விளம்பரத்தில் பெரிய படம். அதைப் பார்த்துத்தான் பதிவு செய்தேன். ‘ஏரிக்கரையோரம் அரை மணி நேர எளிய நடை, முதியோருக்கும் ஏற்றது’ என்றும் போட்டிருந்தீர்கள். நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து பாலத்துக்குப் போகவே நான்கு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். வேர் புடைத்த மண்பாதை, ஏற்றம் இறக்கம் வேறு. அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்து போய்ச் சேர்ந்தால், வாசல் பூட்டியிருக்கிறது. பொது விடுமுறை நாள் தவிர, திங்கட்கிழமைகளில் பாலம் திறப்பதில்லையாம். அறிவிப்புப் பலகையை உங்கள் வழிகாட்டி நின்று படித்த விதத்தைப் பார்த்தால், அவருக்கும் அது புதுச் செய்திதான்.

திரும்பும் வழியில், எங்களைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, குரங்குகளுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் என்று அவருக்குச் சொன்னது, தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள்.

நீர்த்தேக்கத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1868ல் கட்டி முடித்தது என்றதும், “எங்க ஊர் ஊருணி மாதிரி பழசா!” என்று அம்மா கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். உடும்பு ஒன்று நீந்திப் போனதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்தக் கரைக்குக் கட்டணமே கிடையாது. பேருந்தில் போய் நாங்களே பார்த்திருப்போம்.

தொலைபேசியில் கேட்டால், ‘எதிர்பாராத காரணத்தால் இடம் மூடப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்காது’ என்ற விதியைப் படித்துக் காட்டுகிறார்கள். மழை, மரம் விழுந்தது என்றால் சரி. வாராவாரம் வரும் திங்கட்கிழமை எப்படி எதிர்பாராததாகும்? அந்தத் தேதியைப் பதிவுக்குத் திறந்து வைத்ததே நீங்கள்தான்.

260 வெள்ளியையும் 14 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். திங்கட்கிழமைப் பதிவுகளை நிறுத்துங்கள். நடக்கும் தூரத்தை விளம்பரத்தில் உள்ளபடி போடுங்கள். பதில் வராவிட்டால், ரசீதோடு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
ஈசூனில் வசிக்கும் உங்கள் வாடிக்கையாளர்